பொதி சுமப்பவன் முதுகில் ஒரு கடிகாரம்

பாரிஸ் நகரத்து வெண்கலக் கலைஞர் ழான்-ஆந்த்ரே ரைஷ் 1808இல் வடிவமைத்த கடிகாரம் ஒன்று உண்டு. கரிய மேனியுடைய ஓர் ஆள் பாரம் தாங்கி நிற்கிறான். உடலுக்குக் கறுப்பு மெருகு, இடுப்புத் துணிக்குப் பொன்முலாம், கண்களுக்கு வெள்ளை எனாமல். முதுகில் சரக்குப் பொதி. அந்தப் பொதியின் நடுவிலேயே கடிகாரத்தின் முகப்பைப் பதித்திருக்கிறார்கள். ‘சுமைகாரன்’ என்பதுதான் அதன் பெயர். செல்வந்தர் வீட்டில் கணப்படுப்பின் மேல்தட்டில், நிலைக்கண்ணாடிக்கு முன்னால், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கு நடுவில் வைப்பதற்கென்று செய்யப்பட்டது அது. வீட்டார் மணி பார்க்க வேண்டுமானால் அவன் சுமையைத்தான் பார்க்க வேண்டும்.

1750க்கும் 1850க்கும் இடையில் பாரிஸ் பட்டறைகளிலிருந்து வெளிவந்த பொன்முலாம் வெண்கலக் கடிகாரங்களில் பெரும்பாலானவை வேறு கதை சொல்பவை. போர்க்கடவுள் மார்ஸ், கவசமணிந்த மினெர்வா, சிறகு விரித்த வெற்றித்தேவி, கையில் அரிவாளுடன் காலக்கிழவன், வில்லேந்திய காதற்சிறுவன் என்று ஒரு பெரிய கூட்டமே அவற்றில் உண்டு. நெப்போலியன் காலத்தில் படைக்கோலம் மேலோங்கியது. அடிப்பீடங்களில் ரோமானியத் தலைக்கவசமும் கேடயமும் வாளும் கொடிக்கம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும்; சுற்றிலும் வாகை மாலை, உச்சியில் கழுகு. ழாக்-லூயி தாவீத் 1784இல் வரைந்து முடித்த ஹொராத்தியர் சபதம் என்ற ஓவியத்தையே கடிகாரமாக வார்த்தார்கள். மூன்று சகோதரர்கள் வாளை நோக்கிக் கை நீட்டி உயிர் தருவதாகச் சூளுரைக்கும் காட்சி அது. அடுத்த மணி எப்போது என்று பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சபதம்.

சபதமும் வெற்றியும் காதலும் இறப்பும் கணப்பு மாடத்துக்கு ஏறி வந்தன. உழைப்பவன் அபூர்வமாகவே வந்தான். வந்தபோது ரைஷின் சுமைகாரனாக வந்தான்.

சப்ரகமுவவின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடிகாரங்கள் எங்கோ கிடக்கும் ஆடம்பரப் பொருட்களாகத் தோன்றலாம். இரத்தினபுரியின் புழுக்கத்தில் கணப்படுப்பு வைத்து வீடு கட்ட யாருக்கும் தேவை இருக்கவில்லை. பலாங்கொடைக்கு மேலே உயர்ந்து செல்லும் மலைகளில்தான் அதற்கேற்ற குளிர். ஆனாலும் அந்தப் பொதியிலிருந்து புறப்படும் ஒரு பாதை கேகாலை வழியாக, தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான நம் லயங்களின் வாசலுக்கு வந்து சேர்கிறது. உவமையாகச் சொல்லவில்லை, பெயர்களும் ஆண்டுகளும் உள்ள பாதை அது.

முதலில் அந்தப் பொன்னைப் பார்க்க வேண்டும். இரண்டு நூற்றாண்டு கடந்தும் மங்காமல் மின்னும் அந்த மஞ்சள் மினுக்கம் வெறும் பூச்சில் வருவதில்லை. தங்கத்தைப் பொடியாக்கிப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். அமிலத்தால் சுத்தம் செய்த வெண்கலத்தின் மேல் அந்தக் கலவையைத் தேய்த்து நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் 357 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் மட்டும் உலோகத்தோடு ஒட்டி நிற்கும். பிறகு அகேட் கல் பதித்த கருவியால் சில இடங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள், சில இடங்களை மங்கலாகவே விடுவார்கள். தேவியின் தோள் மங்கலாகவும் அவள் அணிந்த கவசத்தின் விளிம்பு பளிச்சென்றும் தெரிவது இந்த வேலையால்தான். நம் பொற்கொல்லர்களும் கலசத்துக்குப் பொன் பூச இதே பாதரச முறையைக் கையாண்டவர்கள்.

ஆவியாகிப் போன பாதரசம் எங்கே போனது? முலாம் பூசுகிறவரின் நுரையீரலுக்குள். கை நடுக்கம், பல் விழுதல், நினைவு தடுமாறுதல் என்று உடல் சிறிது சிறிதாகக் கெட்டது. அந்தக் காலத்தின் புகழ்பெற்ற வெண்கலக் கலைஞர்களுள் ஒருவரான ஆந்த்வான்-ஆந்த்ரே ராவ்ரியோ இதைத் தன் பட்டறையிலேயே கண்டவர். 1814இல் இறந்தபோது அவருடைய உயிலில் 3,000 பிராங்க் ஒதுக்கப்பட்டிருந்தது. முலாம் பூசுவோரைப் பாதரசத்திலிருந்து காக்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு அந்தப் பணம். வேதியியலாளர் தார்செ நச்சாவியைப் புகைபோக்கி வழியாக இழுத்து வெளியேற்றும் உலையை வடிவமைத்து 1818இல் அந்தப் பரிசைப் பெற்றார். 1840களில் மின்முலாம் பரவிய பிறகு பாதரச முறை மெல்ல ஒதுங்கியது. ஒரு முதலாளி தன் தொழில் கொன்றவர்களை நினைத்து உயிலில் பணம் ஒதுக்கியது அந்த நூற்றாண்டில் சிறிய செயல் அல்ல. கடிகாரங்களைப் பற்றிய அழகிய நூல்கள் இதை ஒரு வரியில் தாண்டிச் செல்வது எனக்கு ஒப்புவதில்லை.

கடிகாரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. எனாமல் முகப்பில் எழுதியிருப்பது பெரும்பாலும் இயந்திரத்தைச் செய்தவரின் அல்லது விற்றவரின் பெயர். மாதிரி செய்தவர், வார்த்தவர், செதுக்கியவர், முலாம் பூசியவர், பொருத்தியவர் என்று பல கைகள் அதைத் தொட்டிருக்கும். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் வார்ப்பவருக்கும் முலாம் பூசுகிறவருக்கும் தனித்தனிக் கைத்தொழிற் சங்கங்கள். ஒருவர் வேலையை மற்றவர் செய்யக் கூடாது. 1791இல் சங்கங்கள் ஒழிக்கப்பட்ட பிறகு பியேர்-பிலிப் தொமீர் போன்றவர்கள் எல்லா வேலையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து நூற்றுக்கணக்கானோரை வைத்து நடத்தினார்கள். தொமீரின் பெயர் நிலைத்தது. அவரிடம் முலாம் பூசியவர்களின் பெயர் எந்த முகப்பிலும் ஏறவில்லை.

வெண்கலத்தை உருக்க மூசை வேண்டும். கடும் சூட்டிலும் வெடிக்காத மூசைக்குக் களிமண்ணோடு காரீயம் எனப்படும் கிராபைட்டைக் கலப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதற்கு உலகமெங்கும் பேர்போனது இலங்கைக் காரீயம். பாளம் பாளமாக, கலப்பில்லாமல் கிடைத்தது. லண்டனின் மோர்கன் நிறுவனமும் அமெரிக்காவின் டிக்சன் நிறுவனமும் அதை வாங்கி மூசை செய்தன. கேகாலை மாவட்டத்தின் போகலைச் சுரங்கம் இன்றும் இயங்குகிறது. முதல் உலகப் போரில் தோட்டாக் கூடுகளுக்குப் பித்தளை உருக்க வேண்டியிருந்தபோது இலங்கைக் காரீய ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டது. கேகாலையின் நிலத்தடியில் கரி படிந்த உடம்போடு வேலை செய்தவர்களுக்கு அந்த உலோகம் என்ன வடிவம் எடுத்தது என்று தெரிந்திருக்க வழியில்லை.

படைக்கோல அலங்காரம் என்றால் நமக்கு அருகிலேயே ஒன்று இருக்கிறது. இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தில் போர்த்துக்கேயர் காலத்துக் கற்பலகை ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். கவசமணிந்த ஐரோப்பிய வீரன் ஒருவன் வாளோங்கி நிற்கிறான். அவன் காலடியில் உள்நாட்டு வீரன் வீழ்ந்து கிடக்கிறான். நிற்பவன் சிமாவோ பின்யாவோ என்ற போர்த்துக்கேயத் தளபதி என்பது வழிவழிச் செய்தி. கோயில் இருந்த இடத்தில் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பியதும், அவர்கள் போன பின் கோயில் மீண்டதும், வென்றவன் செதுக்கிய கல் தோற்றவன் கோயிலில் தங்கிவிட்டதும் சப்ரகமுவவின் வரலாறு. அந்தக் கல்லில் வீழ்ந்தவனுக்கு முகம் இருக்கிறது. பாரிஸ் கடிகாரங்களின் ஆயுதக் குவியல்களில் வீழ்ந்தவனே கிடையாது. தலைக்கவசம் உண்டு, அதை அணிந்த தலை இல்லை. வாள் உண்டு, வெட்டுப்பட்டவன் இல்லை. போரைப் போரிலிருந்து பிரித்தெடுத்து வரவேற்பறைக்கு ஏற்ற பொருளாக்குவதில் பிரெஞ்சுக் கலைஞர்களை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கைவேலையின் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அது எதை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இனி அந்தப் பாதை.

கரீபியன் கடலில் பிரான்சின் குடியேற்றமான சென் தொமிங், 1780களில் உலகக் கோப்பியில் ஏறத்தாழப் பாதியை விளைவித்தது. வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794 பெப்ரவரி 4 அன்று பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது; 1802இல் நெப்போலியன் அதை மீண்டும் சட்டமாக்கினார்; 1804இல் சென் தொமிங், ஹெயிட்டி என்ற சுதந்திர நாடானது. அங்கிருந்து தப்பி ஜமெய்க்காவுக்கு வந்த பிரெஞ்சுத் தோட்டக்காரர் லபொரி என்பவர், தன் அனுபவத்தையெல்லாம் திரட்டி 1798இல் லண்டனில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். காட்டை வெட்டுவது, நாற்று நடுவது, கவ்வாத்துப் பண்ணுவது, பழத்தின் தோல் நீக்கிக் காயவைப்பது எல்லாம் அதில் உண்டு. அடிமைகளை எப்படி நடத்தி வேலைவாங்குவது என்பதற்கும் அதில் இடம் உண்டு.

அடுத்த ஆண்டு, 1799இல், பாரிஸ் வெண்கலக் கலைஞர் ழான்-சிமோன் தெவெர்பெரி ‘அமெரிக்கா’, ‘ஆப்பிரிக்கா’ என்ற இரண்டு கடிகார வடிவங்களைப் பதிவுசெய்தார். இறகுக் கிரீடம், வில், அம்பறாத்தூணியோடு கரிய மேனிப் பெண்கள் அவற்றில் அமர்ந்திருக்கிறார்கள். கண்டங்களைப் பெண்ணுருவாகக் காட்டும் பழைய உருவக மரபு அது. புதிதாக வந்தது, சுரண்டப்பட்ட நிலங்களின் மக்களே அலங்காரப் பொருளானது. பெர்னார்தென் த சென்-பியேரின் ‘பால்-விர்ஜினி’ போன்ற கதைகள் கறையற்ற காட்டுமனிதன் என்ற கனவை வாசகரிடையே பரப்பியிருந்த நேரம். கோப்பி குடிக்கிற வீட்டில், கோப்பி விளைவித்தவன் உருவத்தில் கடிகாரம். ரைஷின் சுமைகாரன் இந்த வரிசையில் வந்தவன்தான். பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரிலுள்ள டூயஸ்பெர்க் அருங்காட்சியகம் இவ்வகைக் கடிகாரங்களைப் பெரிய அளவில் சேர்த்து வைத்திருக்கிறது.

லபொரியின் நூல் இலங்கைக்கு வந்து சேர்ந்த கதை நமக்கு மிக முக்கியமானது. 1815 மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சப்ரகமுவ பிரித்தானியர் வசமானது. அதற்கு முந்தைய ஆண்டு கண்டி மன்னனுக்கு எதிராக எழுந்தவர் சப்ரகமுவவின் திசாவை எகலப்பொல. அதே 1815 ஜூன் 18இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார். அந்தக் களத்தில் வெலிங்டனின் படையில் அதிகாரியாக நின்று காயம்பட்டவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர்தான் பின்பு இலங்கை ஆளுநராகி, 1820களில் கேகாலை, மாவனல்லை வழியாகக் கொழும்பு–கண்டிப் பாதையை வெட்டுவித்தார். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தால் போடப்பட்ட பாதை. கன்னொருவையில் அவர் சொந்தமாகக் கோப்பி நட்டார். கோப்பிக்கு வரிச்சலுகையும் தந்தார். வென்ற தளபதி தோட்டத்துரையாவது எப்படி என்பதற்கு இலங்கையில் அவர்தான் முன்மாதிரி.

பிரித்தானியக் கரீபியனில் 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அங்கே கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் இறக்குமதித் தீர்வை சமமாக்கப்பட்டது. ஜமெய்க்காவில் தொழில் கற்ற ரொபர்ட் பொய்ட் டைட்லர் 1837இல் இலங்கை வந்து மேற்கிந்திய முறையைப் புகுத்தினார். அந்த முறையின் கைநூலாக இலங்கைத் துரைமார் கையாண்டது லபொரியைத்தான். சென் தொமிங்கில் அடிமைகளைக் கொண்டு கோப்பி விளைவித்தவரின் அறிவு, அடிமைமுறை ஒழிந்த பிறகு, தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களின் தலைமேல் இறங்கியது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் அங்கிருந்து மற்ற மலைகளுக்கும் சென்றவர்கள் அவர்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் இறந்தவர்கள் ஏராளம். இறக்குவாணை, பலாங்கொடைப் பக்கத்துச் சரிவுகளிலும் கோப்பி ஏறியது. பாதை இல்லாத இடங்களில் கோப்பி மூட்டை இறங்கியதும் அரிசி மூட்டை ஏறியதும் அவர்களின் தலையிலும் முதுகிலும்தான். ரைஷின் சுமைகாரன் வெண்கலத்தில் உறைந்து நின்றபோது, அவனுடைய வேலை இங்கே தொடர்ந்தது.

1869இல் இலைநோய் கோப்பியைத் தாக்கியது. இருபது ஆண்டுக்குள் கோப்பிக் காலம் முடிந்தது. தேயிலை வந்தது. 1900களின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரித் தாழ்நிலங்களுக்கு இறப்பர் வந்தது. பயிர் மாறினாலும் தோட்டத்தின் அமைப்பு மாறவில்லை. அந்த அமைப்பின் நடுவில் இருந்தது நேரம்.

ஐரோப்பியக் கடிகாரம் வருமுன் இந்த நிலத்தில் நேரம் அளக்கப்படாமல் இருக்கவில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான நூலில் அதை விவரிக்கிறார். அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீர்ப்பானையில் மிதக்கவிடுவார்கள். நீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை. பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது. அரண்மனையில் அதைப் பார்ப்பதற்கென்றே ஆள் இருந்தான். ஊரார் மாலை நான்கு மணி அளவில் விரியும் அந்திமந்தாரைப் பூவைப் பார்த்துப் பொழுது அறிந்தார்கள். தமிழுக்கும் அந்த நீர்க்கிண்ணம் பழகிய கருவி. முல்லைப்பாட்டில், போர்ப்பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் பொழுது அறிவிக்கிறார்கள். நேரத்துக்கும் படைக்கும் உள்ள உறவு நெப்போலியனிடம் தொடங்கியதல்ல. ஆனால் கன்னல் என்ற அந்த நீர்க்கருவி அளந்தது அரசனின் பொழுதை. குடியானவரின் பகல் அதற்குள் அடங்கவில்லை.

தோட்டத்தில்தான் முதல் முறையாக உழைப்பவரின் பகல் முழுவதும் இன்னொருவரின் கடிகாரத்துக்குள் வந்தது. கடிகாரம் பங்களாவிலும் ஒஃபீசிலும் ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலையிலும் இருந்தது, லயத்தில் இல்லை. லயத்துக்கு நேரம் ஒலியாகத்தான் வந்தது. இருட்டு விலகுமுன் தப்பு அடிக்கும், சில தோட்டங்களில் கொம்பு ஊதும், பின்னாளில் மணியும் ஸ்டோர் சங்கும் சேர்ந்தன. தப்பு அடித்ததும் அடுப்பு மூட்டி, தேத்தண்ணி போட்டு, ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டுப் பெண்கள் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளையும் கங்காணியும் வரிசையை எண்ணி, இன்ன மலைக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், கொழுந்துக்கு இத்தனை பேர் என்று பிரித்து அனுப்புவார்கள். வரிசையில் நிறுத்துவது, எண்ணுவது, அணியணியாக அனுப்புவது எல்லாம் படைமுகாமின் வழக்கம். பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அன்றைய பேர் போயிற்று. சி. வி. வேலுப்பிள்ளையின் தோட்டக் கவிதைகளில் அந்த விடியல் ஒலி கேட்காமல் இராது.

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாட்கூலி. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால் கூலி; வேலை குறைந்தால் அரைப்பேர். எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை, இந்த மாதம் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். பாரிஸ் கடிகாரத்தின் முகப்பில் உழைத்தவர்களின் பெயர் இல்லை. தோட்டத்தின் பேரேட்டில் உழைத்தவர் அத்தனை பேரின் பெயரும் உண்டு. அதன் எதிரில் கழித்த நாளும் பட்ட கடனும் உண்டு.

இதற்குப் பின்னால் சட்டம் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவிக்காமல் வேலையை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். கூலிக்கு வந்தவர் தன் நாளைத் தானே எடுத்துக்கொண்டால் அது குற்றமாகும் என்பதே இதன் பொருள். அந்தத் தண்டனைப் பிரிவுகள் நீங்க 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்தான் தோட்டத்தின் வேலைநாளுக்கு அளவு வைத்தது: சாப்பாட்டு நேரம் உட்பட ஒன்பது மணித்தியாலம். அப்போது நிர்ணயித்த கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கீழ்நாட்டில் அதைவிடக் குறைவு. சப்ரகமுவத் தோட்டங்களில் பல அந்தக் குறைந்த வகுப்புகளில் அடங்கின. ஒன்பது மணித்தியாலத்தை எண்ணிச் சரிபார்க்கக் கடிகாரம் வைத்திருந்தவர் ஒருவர், உழைத்தவர் வேறொருவர் என்பதை அந்தச் சட்டம் தொடவில்லை.

கடிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவரே விடியலையும் நகர்த்தலாம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் ‘பகான் நேரம்’ என்று ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது. இந்திய நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் முந்தியது. வெளிச்சம் இருக்கும்போது வேலை முடிக்க வேண்டும் என்ற தோட்டத்தின் தேவைக்காக முள்ளை முன்னே தள்ளி வைத்தார்கள். இலங்கை 1906இல் கிரினிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பொது நேரத்தை ஏற்றது. களனிவெளி ரயில் 1912இல் இரத்தினபுரிக்கு வந்தபோது கொழும்பின் மணியும் கூடவே வந்தது. தேயிலைப் பெட்டியும் இறப்பர்ச் சிப்பமும் ரயிலைப் பிடித்தால்தான் கப்பலைப் பிடிக்கும்.

சப்ரகமுவவை மலைநாட்டிலிருந்து வேறுபடுத்துவது இறப்பர். அங்கே துரையின் கடிகாரத்துக்கும் மேலே மரத்தின் நேரம் ஒன்று உண்டு. இறப்பர் மரத்தின் பால் குளிர்ந்த விடியலில் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரத்தினுள் நீரழுத்தம் குறைந்து பாலும் குறையும். ஆகவே பால்வெட்டுகிறவர் இருட்டோடு புறப்பட்டு, வெயிலுக்கு முன் நூற்றுக்கணக்கான மரங்களில் பட்டையைச் சீவி முடிக்க வேண்டும். சீவலின் ஆழம் தவறினால் மரம் காயப்படும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. அரை இருட்டில் கைதான் அளவு பார்க்கிறது. முற்பகலில் மீண்டும் மரம் மரமாகப் போய்ச் சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பின் மழை வந்தால் சிரட்டையில் பாலோடு தண்ணீர். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் எத்தனை விடியல்கள் அப்படிப் போகும் என்பதை எந்தப் பால்வெட்டுக்காரரும் சொல்வார். எழுந்து கத்தி தீட்டிக் காத்திருந்த நேரத்துக்குப் பேர் இல்லை.

அதே ஈரம் பிரெஞ்சுக் கடிகாரத்துக்கும் எதிரி. பாதரச முலாம் அசையாது, தங்கம் துருப்பிடிப்பதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் எஃகு வில்லும் பற்சக்கரத் தண்டும் துருப்பிடிக்கும். பழைய பாரிஸ் இயந்திரங்களில் ஊசலைப் பட்டு நூலில் தொங்கவிட்டிருப்பார்கள். ஈரத்தில் நூல் நீளும், நேரம் பிந்தும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரோக்கோ முறை என்ற உலோகத் தகட்டுத் தொங்கல் பரவியதும் அந்தக் குறை தீர்ந்தது. அதே காலத்தில் வெண்கலத்துக்குப் பதில் நாகக் கலவையில் வார்த்து மெல்லிய பூச்சுப் பூசிய மலிவுக் கடிகாரங்களும் பெருகின. 1840இல் நெப்போலியனின் எச்சங்கள் பாரிசுக்குத் திரும்பிய பின் அவர் உருவம் தாங்கியவை நிறைய விற்றன. நாகக் கலவைக் கடிகாரங்களில் முலாம் உரிந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரியும். உண்மையான வெண்கலத்தில் உள்ளிருந்து மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்க்கும்.

தமிழ் வாசகர் இவ்வகைக் கடிகாரங்களை நேரில் காண ஐரோப்பா போக வேண்டியதில்லை. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் லூயி மன்னர்கள் காலத்தவையும் நெப்போலியன் காலத்தவையும் காட்சிக்கு இருக்கின்றன. அங்குள்ள கூட்டம் பெரும்பாலும் மணிக்கொருதரம் பொம்மை வந்து மணியடிக்கும் ஆங்கிலக் கடிகாரத்தின் முன் கூடுகிறது. பிரெஞ்சுக் கடிகாரங்களின் முன் நிற்பவர் குறைவு. நிற்கிறவர் அடிப்பீடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். கதை அங்கேதான் செதுக்கப்பட்டிருக்கிறது.

தோட்டத்தின் பக்கத்துப் பொருட்களுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. கம்பளைக்கு அருகே, பழைய லயம் ஒன்றிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் நடக்கிறது. வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், ஆவணங்கள் எல்லாம் அங்கே சேர்கின்றன. இறப்பர்த் தோட்டங்களின் வாழ்வுக்கு, சிங்களத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே மலையில் பால்வெட்டிய சப்ரகமுவவின் தனி வரலாற்றுக்கு, அப்படி ஓரிடம் கேகாலையிலோ இரத்தினபுரியிலோ வேண்டும். தனியார் கைக்குப் போய்ச் சுற்றுலா விடுதிகளாகிவிட்ட பங்களாக்களில் துரைமாரின் தளபாடங்களையும் கடிகாரங்களையும் துடைத்து வைத்துப் பெருமையோடு காட்டுகிறார்கள். அந்த வீட்டுக் கடிகாரத்தின் பக்கத்தில் தோட்டத்தின் தப்பையும் கொம்பையும், ஒரு மாதத்துச் செக்ரோல் பக்கத்தையும், பால்வெட்டுக் கத்தியையும் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தப்படித்தவர் யார், எத்தனை மணிக்கு எழுந்தார், அந்த வேலை அவர் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டு எழுதிவைக்கக்கூடிய முதியவர்கள் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பெல்மதுளையிலும் இறக்குவாணையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு நிதியோ கட்டடமோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும்.